மோரிக்குள் இருந்த குதிரை

1. முதல் ஒரு மணி நேரம்

அகழாய்வு வேலையில் என் முதல் நாளே கடைசி நாளாகியிருக்க வேண்டியது. காலை ஒன்பது மணிக்குக் கையில் மண்வெட்டி வந்தது. மேடம் அந்தப் பக்கம் லெவல் கருவியை நிறுத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் முழங்கால் ஆழத்துக்கு, ஓரமெல்லாம் கத்தியால் சீவினதுபோல ஒரு குழி வெட்டி, மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாராட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

மேடம் என்றால் மாலினி மேடம், தொல்லியல் ஆய்வாளர். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழை நம்மைவிட நிதானமாகப் பேசுவார். குழியைப் பார்த்தார். குவித்த மண்ணைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏழுமலை, தம் பிரியாணி சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன் மேடம்."

"மூடியைத் திறந்ததும் கரண்டிய விட்டு அடி வரைக்கும் கிளறிட்டா, எது மேல இருந்தது, எது அடியில இருந்ததுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது மேடம்."

"அதைத்தான் இப்ப செஞ்சிருக்கீங்க."

திட்டுகூட இவ்வளவு ருசியாக இருக்குமா என்று அன்றைக்கே டைரியில் எழுதி வைத்தேன். எனக்கு அது ஒரு பழக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் வேலை செய்யும் இடத்திலும் ஜனங்கள் பேசிக் கேட்டதுதான். யாராவது ஒரு விஷயத்தை அழகாகச் சொல்லிவிட்டால் அதை விடமாட்டேன்.

அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் நான் செய்தது மோரி வேலை. மோரி என்று பெங்களூரில் நாங்கள் சொல்வது கழிவுநீரும் மழைநீரும் ஓடுகிற கால்வாயை. கான்ட்ராக்டில் கூலியாகச் சேர்ந்து மேஸ்திரி வரை வந்தேன். மர்பி டவுனில் எங்கள் தெருவிலேயே நான் கையால் வாரிய மோரி இருக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டி அந்த வேலையை விட்டபோது, "நிதானமாத் தோண்டற ஆளு நாலு பேர் வேணுமாம்" என்று சொல்லிக் கூப்பிட்டவர் ராணியக்கா. ஸ்ரீராம்புரத்துக்காரர். சல்லடையில் மண்ணைச் சலித்துச் சின்னச் சின்னப் பொருளை எடுப்பதில் அவர் கண்ணுக்கு ஈடில்லை. என்னை 'நிதானமான ஆள்' என்று சொல்லிச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த முதல் மணி நேரத்தில் அவர் என்னைத் தெரியாத மாதிரி சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கொத்தனார் கரணையையும் பிரஷ்ஷையும் கொடுத்தார். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே கரணைதான் கொடுக்கிறார்கள். அதற்குக் காரணம் நானாகக்கூட இருக்கலாம்.

2. எல்லாவற்றுக்கும் ஒரு பதில்

நாங்கள் தோண்டிய இடம் அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு டிரஸ்ட்டின் காம்பவுண்டுக்குள் இருந்த நீளமான பழைய கட்டடம். மங்களூர் ஓடு, கனமான சுவர், ஆளுயரத்துக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். ரொம்ப வருஷமாக உடைந்த பெஞ்சும் பீரோவும் போடுகிற கோடவுன். அதை இடித்துவிட்டு பார்க்கிங் கட்டுவதற்கு பிளான் ரெடியாகிவிட்டது.

மேடம் அந்தக் கட்டடத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, இது வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் காலத்துக் குதிரை லாயம் போலிருக்கிறது என்று டிரஸ்ட்காரர்களிடம் போய் நின்றிருக்கிறார். அவர்களிடம் இருந்த காகிதத்தில் 'ஷெட்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதனால் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று வாரம் தோண்டிப் பார்க்கலாம். லாயம்தான் என்று நிரூபித்தால் கட்டடம் நிற்கும், அதையே படிப்பகமாக்கலாம். நிரூபிக்க முடியாவிட்டால் மூன்றாவது வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும், மறுநாள் ஜேசிபி வரும். மேடம் தன் பேரை அடகு வைத்ததுபோல அந்த மூன்று வாரத்தை வாங்கியிருந்தார்.

டிரஸ்ட்டின் இன்ஜினியர் பிரகாஷ் சார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் வரைந்த பார்க்கிங் பிளானை அவர் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். தினமும் காலையில் வருவார், பேனாவை டிக் டிக் என்று அமுக்குவார், எதைக் காட்டினாலும் ஒரு பதில் சொல்வார்.

நாலாவது நாள் மண்ணுக்கடியில் தரை வந்தது. செங்கல்லைக் குத்துவாட்டில் பதித்த தரை. பிரஷ்ஷால் தள்ளத் தள்ள அந்தச் சிவப்பு வரிசை வரிசையாகக் கிளம்பி வந்தபோது உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் தோண்டியிருக்கிறேன், தோண்டின எதையும் அதற்கு முன் தடவிப் பார்த்தது கிடையாது. சுவரை ஒட்டி ஒரே இடைவெளி விட்டு, தரை கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தது. குதிரை தீனிக்காக நிற்கும்போது முன்னங்காலால் தரையைச் சுரண்டுமாம், அந்தத் தேய்மானம் என்றார் மேடம். பீரோவை இழுத்த தடம் என்றார் பிரகாஷ் சார்.

சுவரில் இரும்பு வளையங்கள் இருந்தன. மாடு கட்டினது என்றார். இது மாட்டுவண்டி நிறுத்துகிற கொட்டகை, எப்போதோ யாரோ கட்டியது, குதிரையும் இல்லை கிதிரையும் இல்லை என்பது அவர் கட்சி.

தீனித் தொட்டி இருந்த இடத்தில் பழைய தேக்குக் கட்டை ஒன்று மிஞ்சியிருந்தது. அதன் மேல் விளிம்பு சோளக்கதிரைக் கடித்துத் தின்றதுபோல அலை அலையாக இருந்தது. சும்மா நிற்கிற குதிரை கட்டையைக் கடிக்கும் என்று மேடம் சொன்னார்.

"எலி மேடம், எலி" என்றார் பிரகாஷ் சார்.

ராணியக்கா சல்லடையை நிறுத்தவே இல்லை. "எலின்னா ஸ்டூல் போட்டு ஏறி நின்னுதான் சார் கடிச்சிருக்கணும். வாயும் இம்மாம் பெருசா இருந்திருக்கணும். அந்த எலி வந்துதுன்னா சொல்லுங்க, நான் அன்னிக்கு லீவு."

பிரகாஷ் சாரே சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு வேறு, கமிட்டி வேறு. "இதெல்லாம் அபிப்பிராயம் மேடம். கமிட்டிக்குப் பொருள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அந்தப் பொருள் கிடைத்தது. கட்டடத்தின் நடுவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கல்லில் செதுக்கிய திறந்த மோரி. தரை இரண்டு பக்கமும் அதை நோக்கிச் சரிந்திருந்தது. மோரி முழுக்க விளிம்பு வரை கறுப்பாக, கெட்டியாக அடைந்துகிடந்தது. மேடம் குனிந்து அந்தக் கறுப்பில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் பரீட்சையில் பாஸ் என்று ரிசல்ட் பார்த்த பெண் முகம்போல ஆனது. உடனே ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய் யாருடனோ கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசினார். திங்கட்கிழமை சிலர் பார்க்க வருகிறார்கள், சனிக்கிழமை ஒரு மீட்டிங் இருப்பதால் தான் வரமாட்டேன், செங்கல்லை யாரும் பெயர்க்க வேண்டாம், இடத்தைப் பெருக்கி வையுங்கள் என்று மட்டும் எங்களிடம் சொன்னார்.

3. சனிக்கிழமை

இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். நானே நிறையத் திட்டிக்கொண்டாகிவிட்டது.

பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள். மோரி அடைத்துக் கிடக்கிறது. என் வேலையில் இதற்கு ஒரே அர்த்தம்தான். அமைச்சர் வந்தாலும் சரி, இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, மோரி அடைத்துக் கிடந்தால் மேஸ்திரிக்கு மானம் போனது. அந்தக் கறுப்பைத் தொடாதே என்று மேடம் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம். அதை வாரிப்போடு என்றும் அவர் சொல்லவில்லை. எனக்கு அதுவும் சொல்லத் தேவையில்லாத விஷயம்.

ஆரம்பித்தேன். ராணியக்கா பெருக்கினார், எங்களோடு தோண்ட வந்த மற்ற இரண்டு பேரும் தண்ணீர் சுமந்தார்கள், மோரிக்குள் நான் இறங்கினேன். என்ன சந்தோஷம் தெரியுமா. ஊர் மோரியில் பிளாஸ்டிக்கும் பாட்டிலும் வாரி வாரிச் சலித்த கைக்கு, நாற்றமே இல்லாத, வெட்டினால் அல்வா போல வருகிற கறுப்பு. அடியில் கல். உளி தடம் புதிதாக இருக்கிற கல். எங்கள் வழக்கப்படி, எடுத்த சில்ட்டை, அதாவது வண்டலை, எடுத்த இடத்துக்கு நேராகவே ஓரத்தில் குவித்தேன். ஒரு கை நீளத்துக்கு ஒரு குவியல். ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது, ஏனென்றால் இன்ஸ்பெக்டர் குவியலைப் பார்த்துத்தான் அடைப்பு எங்கே அதிகம் என்று தெரிந்துகொள்வார். சாயங்காலம் மோரியைக் கழுவிவிட்டோம். குவியலெல்லாம் சோறு பரிமாறினதுபோல வரிசையாக இருந்தன. ராணியக்கா, "மேஸ்திரி, இதுல பால் ஊத்தினா வழிச்சுக் குடிக்கலாம்" என்றார். அதையும் டைரியில் எழுதினேன்.

4. திங்கட்கிழமை

மேடம் ஒரு மண் ஆய்வுக்கூடத்து ஆளுடன் வந்தார். அந்த ஆள் கையில் கண்ணாடிக் குழாய்களும் லேபிள்களும் இருந்தன. மோரியிலிருந்து அடுக்கு அடுக்காக சாம்பிள் எடுக்க வந்தவர். அவரைத்தான் நான் பெரிய மனிதர் என்று நினைத்து மோரியைக் கழுவி வைத்திருந்தேன்.

மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். கத்தவில்லை. மெல்ல நடந்து வந்து மோரி ஓரத்தில் உட்கார்ந்தார். கழுவின கல்லைத் தொட்டார்.

"யார் எடுத்தது?"

"நான்தான் மேடம்."

"ஏழுமலை, அதுலதான் குதிரை இருந்தது."

அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நான் வாங்கிய எந்தத் திட்டும் நிற்காது. பிறகு அவரே விளக்கினார். அந்தக் கறுப்பு முழுக்கச் சாணமும் வைக்கோலும் மண்ணும் அடுக்கடுக்காகப் படிந்தது. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. எந்த விலங்கு, என்ன தின்றது, எது முதலில் எது பிறகு, எல்லாம் அதைக் கொண்டு சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கூடத்து ஆள் குழாய்களைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினார்.

குவியல்களைக் காட்டினேன். எதையும் கலக்கவில்லை, எடுத்த இடத்துக்கு நேராகத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். மேடம் ஒவ்வொரு குவியலாக நடந்து பார்த்தார். "நீளத்துக்கு வரிசை இருக்கு. ஆழத்துக்கு இல்லை" என்றார். மறுபடியும் பிரியாணி.

அந்த நேரம் பார்த்து பிரகாஷ் சார் வந்தார். பளபளவென்று இருந்த மோரியைப் பார்த்துப் பேனாவை டிக் டிக் என்று அமுக்கினார். "என்ன மேஸ்திரி, சூப்பர். ஊரு மோரியெல்லாம் இப்படி இருந்தா மழைக்கு ரோடு முழுகாது" என்றார். பிறகு மேடத்திடம், குவித்து வைத்த மண் எங்கிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும், கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்றார். அதில் தப்பில்லை. மேடமும் அதையேதான் சொன்னார். படிவு கலைந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதத்தான் போகிறேன், மறைக்க மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

அன்று முழுக்கக் குவியல்களைச் சலித்தோம். ஆணிகள் கிடைத்தன, துருப்பிடித்த பக்கிள் ஒன்று கிடைத்தது. எல்லாவற்றையும் மேடம் பையில் போட்டு 'கலைந்த மண்' என்று எழுதினார். ஒவ்வொரு பையிலும் அதை எழுதும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மத்தியானம் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ராணியக்கா தன் டப்பாவிலிருந்து புளிசோற்றை என் மூடியில் வைத்தார்.

"துன்னு மேஸ்திரி. பட்டினி கெடந்தா அந்தச் சாணி திரும்பப் போயி ஒட்டிக்குமா?"

5. ஒரு குடம் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன். செய்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை கழுவின தண்ணீர் கொஞ்சம் இன்னும் காயாமல் மோரியில் இருந்தது. அதைப் பார்த்ததும் தலைக்குள் ஏதோ தட்டியது.

தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

மோரி கிழக்குப் பக்கம் ரோட்டு மோரியில் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் மேடம் உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தப் பக்கம்தான் ரோடு, அந்தப் பக்கம்தான் சுவரில் ஒரு ஓட்டை. ஆனால் ஈரம் தேங்கியிருந்தது மேற்குக் கோடியில். அங்கே சுவர் மூடியிருந்தது. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கிழக்கே ஊற்றினேன். அது ஒரு விநாடிகூட யோசிக்காமல் மேற்கே ஓடியது.

அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொத்தனார்கள் பிடிக்கிற டியூப் லெவலை எடுத்து, தண்ணீர் நிரப்பி, கோடிக்குக் கோடி வாட்டம் பார்த்தேன். மேற்கேதான் சரிவு, துல்லியமான சரிவு. கல் செதுக்கியவன் விளையாட்டாகச் செய்யவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் இது. சாணி கலந்த தண்ணீரை யாரும் நேராகப் பெரிய மோரியில் விடமாட்டார்கள். விட்டால் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். வழியில் ஒரு தொட்டி கட்டி, கசடு அதில் தங்க, தெளிந்த தண்ணீர் மட்டும் மேலே வழிந்து போகிற மாதிரி செய்வார்கள். நாங்கள் அதை சேம்பர் என்போம். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சேம்பர் இருந்தே ஆக வேண்டும்.

வெளியே ஓடினேன். மேற்குச் சுவருக்கு வெளியே பிரகாஷ் சாரின் சிமென்ட் மூட்டைகளும், அவை மழையில் நனையாமல் இருக்கப் போட்ட தகரக் கொட்டகையும். மூட்டைகளுக்கு நடுவில் நுழைந்து, கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தேன். டொக், டொக், டொக். சுவரிலிருந்து ஆறாவது எட்டில் சத்தம் மாறியது. காலியான பானை சத்தம்.

மேடம் வந்தபோது என் சட்டை முழுக்க சிமென்ட். நான் பேசுகிற வேகத்தில் அவருக்குத் தமிழ் புரியவில்லை என்று நினைக்கிறேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய் இன்னொரு குடம் ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் அவர் அவசரப்படுகிறவர் இல்லை.

"உள்ள காலியா இருந்தா? யாராவது முன்னாடியே எடுத்திருந்தா?"

"மேடம், இருபத்தெட்டு வருஷத்துல மூடின சேம்பரை யாரும் தானா தொறந்து சுத்தம் பண்ணி நான் பார்த்ததே இல்ல. நம்ம ஜனங்க மேல எனக்கு அந்த நம்பிக்கை இருக்கு."

திங்கட்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவர் சிரித்தார்.

பிரகாஷ் சார் கன்னடத்தில் பேடா, வேண்டாம் என்றார். ஒத்துக்கொண்ட எல்லைக்கு வெளியே, மூட்டைகளை மாற்ற ஆளில்லை, சும்னே டைம் வேஸ்ட் என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நானும் ராணியக்காவும் மற்ற இரண்டு பேரும் முதல் மூட்டையைத் தூக்கினோம். பத்து மூட்டை போன பிறகு பிரகாஷ் சாரும் பேனாவைப் பையில் வைத்துவிட்டு, எந்த மூட்டையைக் கீழே வைக்க வேண்டும், எதை மேலே வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

6. மூடியைத் திறந்தபோது

புதனும் வியாழனும் நான் செய்த வேலையைப் போல என் ஆயுசில் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை. மேலே சிமென்ட் தளம், அடியில் ஜல்லி, அடியில் சிவப்பு மண். ஒவ்வொன்றும் முடிந்ததும் நானே நிறுத்தி, "மேடம், மாறுது" என்பேன். அவர் அளந்து, போட்டோ எடுத்து, டேக் கட்டுவார். பிறகுதான் அடுத்தது. கை பரபரக்கும். கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வேன்.

பலகைக்கல் மூடி வந்தது. சுற்றிலும் சுண்ணாம்புக் காரை உடையாமல் இருந்தது. யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி. நாலு பேரும் கடப்பாரை கொடுத்து மூடியை நகர்த்தினோம். உள்ளே கறுப்பு. விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை, அசையாத, தொடாத கறுப்பு. ராணியக்கா குனிந்து மோந்து பார்த்தார்.

"மேடம், வைக்கோல் வாசனை வருது."

ஆய்வுக்கூடத்து ஆளை மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடிக் குழாயைப் பக்கவாட்டில் செருகி அடுக்கு அடுக்காக எடுத்தார். அவர் முடித்த பிறகு நான் கரணையால் ஒரு விரற்கடை அளவுக்குச் சுரண்ட, மேடம் எழுத, ராணியக்கா சலிக்க, அப்படியே கீழே போனோம். வைக்கோல் துணுக்குகள் நேற்றுப் போட்டதுபோல மஞ்சளாக இருந்தன. கொள்ளுத் தோல் வந்தது. பல்லுப் பல்லாக இருந்த ஓர் இரும்புத் தகடு வந்தது, குதிரைக்கு முதுகு தேய்க்கிற சீப்பு என்றார் மேடம். வியாழக்கிழமை மத்தியானம் என் கரணை இரும்பில் பட்டு நின்றது. பிரஷ்ஷால் தள்ளினேன். வளைவு தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "மேடம் நீங்களே எடுங்க" என்றேன். எனக்கு அதைத் தொட பயமாக இருந்தது.

லாடம். ஆணிகள் மூன்று அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

7. பஷீர் பாய்

பிரகாஷ் சார் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டுக்கும்தானே லாடம் அடிக்கிறோம் என்றார். ஆனால் முன்பு சொன்ன மாதிரி அடித்துச் சொல்லவில்லை. கேள்வி மாதிரி இருந்தது.

சிவாஜிநகரில் கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற பஷீர் பாயை எனக்குத் தெரியும். ஒரு மோரி வேலை அவர் பட்டறை வாசலில் நடந்தபோது ஒரு வாரம் அவர் டீயைக் குடித்திருக்கிறேன். ஃபோன் போட்டேன். ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு லாடத்தை வாங்கினார். வெயிலில் பிடித்தார்.

"மாடா? யார் சொன்னது மாடுன்னு? மாட்டுக்குக் குளம்பு ரெண்டாப் பொளந்திருக்கும் சார். அதுக்கு ரெண்டு துண்டு, தனித்தனியா, இலை மாதிரி. இது பாருங்கோ, ஒரே வளைவு. குதிரை. முன்னங்கால். இடது கால்."

பிரகாஷ் சார் ஒரு எட்டு முன்னால் வந்தார். "இடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முன்னங்கால் லாடம் ரொட்டி மாதிரி வட்டமா இருக்கும், பின்னங்கால் முட்டை மாதிரி நீளம். இது வட்டம். வெளிப்பக்கம் எப்பவும் கொஞ்சம் அதிகமா வளைஞ்சிருக்கும், உள்பக்கம் நேரா இருக்கும். கையில வெச்சுப் பாருங்கோ. அப்படியில்ல, குதிரை நீங்கன்னு நெனச்சு வெச்சுப் பாருங்கோ."

பிரகாஷ் சார் இடது கையை முன்னால் நீட்டி லாடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பேனா டிக் டிக் சத்தம் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

பஷீர் பாய் கட்டடத்துக்குள் போனார். நாங்கள் எதையும் காட்டவில்லை. அவராகவே சுவரோரம் அந்தத் தேய்ந்த கிண்ணங்களில் ஒன்றில் போய் நின்று, செருப்புக் காலால் தரையை ரெண்டு தரம் சுரண்டினார். "கொள்ளு வர லேட்டாச்சுன்னா இப்படித்தான் பண்ணும். இந்த எடத்துல நின்னவன் ரொம்பக் கோபக்காரன். பக்கத்துல இருந்தவன் சாது, பாருங்கோ, தரை அவ்வளவா தேயல" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பிரகாஷ் சார் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிண்ணமாக ஆழம் அளக்க ஆரம்பித்தார். மேடத்திடம் வாங்கிய பேப்பரில் கோபக்காரன், சாது, கோபக்காரன் என்று வரிசையாக எழுதினார். அந்தக் கட்டையின் பல் தடத்தையும் போய்ப் பார்த்தார். ராணியக்கா, "எலி அகப்பட்டுச்சா சார்?" என்று கேட்டதற்கு, "அகப்பட்டுச்சும்மா, ரொம்பப் பெரிசு" என்றார்.

8. இரண்டு வரி

வெள்ளிக்கிழமை கமிட்டி அறைக்குள் நாங்கள் போகவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மேடம் சேம்பரின் போட்டோக்களைக் காட்டினாராம். பல கேள்விகளுக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிரகாஷ் சார் பதில் சொன்னாராம். கட்டடம் நிற்கும் என்று முடிவானது. பார்க்கிங் பின்பக்கம் போனது. அந்தப் புது பிளானையும் பிரகாஷ் சார்தான் வரைந்தார், அதையும் மடியிலிருந்து இறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மேடம் ரிப்போர்ட்டோடு வந்தார். இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். ஒரு வரியில், மோரியில் இருந்த படிவு பதிவு செய்யும் முன்பே அகற்றப்பட்டது, இது களப் பொறுப்பாளரின் பிழை என்று இருந்தது. களப் பொறுப்பாளர் யார் மேடம் என்றேன். நான்தான், சொல்லாமல் போனது என் தப்பு என்றார். சில பக்கம் தள்ளி இன்னொரு வரி. மோரியின் வாட்டத்தைக் கொண்டு சேம்பரின் இடத்தைக் கண்டறிந்தவர் ஏழுமலை.

என் பேரை அச்சில் அதற்கு முன் ரேஷன் கார்டில்தான் பார்த்திருக்கிறேன். முதல் வரி இருந்த பக்கத்துக்கு மறுபடியும் புரட்டினேன். பிறகு சொன்னேன்.

"மேடம், அந்த முதல் வரியிலயும் என் பேரைப் போடுங்க."

"எதுக்கு? தேவையில்லை ஏழுமலை."

"வாரிப் போட்டதும் நான், கண்டுபிடிச்சதும் நான். கீழ மட்டும் போட்டு மேல விட்டா, அதுவும் கிளறின பிரியாணிதான் மேடம்."

அவர் பேனாவை எடுத்து மார்ஜினில் குறித்துக்கொண்டார். இப்போது இரண்டு வரியிலும் நான் இருக்கிறேன்.

அந்த லாயத்தில் இப்போது மேசை போட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மோரிக்கு மேலே கண்ணாடி மூடியிருக்கிறது. அதற்குப் பிறகு மேடத்தோடு நாலைந்து இடத்தில் வேலை செய்துவிட்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் கரணையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: இங்கே எது குப்பை மேடம்? ஒவ்வொரு தடவையும் அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரே பதில்தான் சொல்வார்.

"இன்னும் தெரியலை, ஏழுமலை."

அதைக் காதால் கேட்ட பிறகுதான் நான் மண்ணில் உட்காருவேன்.